நூற்றெண்பது டயப்பரும் ஒரு கட்டைப்பையும்

முதல் நாள், செவ்வாய், காலை 8.40. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எங்கள் பெரிய பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்தை விட்டு வெளியே வந்ததும் சுங்க அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். திரையில் ஒரே அளவில், வரிசை வரிசையாக ஏதோ அடுக்கியிருப்பது தெரிந்திருக்கிறது. ஒரு பெட்டி நிறைய ஒரே சாமான் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். திறந்து காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். என் மனைவி ஜெனியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த தாராவைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"இத்தனையும் இந்தக் குட்டிக்கா?"

"மூணு வாரத்துக்கு," என்றாள் ஜெனி, பரீட்சையில் பதில் சொல்லும் குரலில்.

அவர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டது தெரிந்தது. பெட்டியை மூடிக்கொள்ளச் சொன்னார்.

நூற்றெண்பது டயப்பர்கள். கிளாஸ்கோவில் எங்கள் வீட்டுத் தரையில் பரப்பி வைத்து ஜெனி போட்ட கணக்கு அது. ஒரு நாளைக்கு எட்டு, இருபத்தொரு நாளைக்கு நூற்று அறுபத்தெட்டு, வழிக்குப் பன்னிரண்டு. எடை ஏழு கிலோவைத் தாண்டவில்லை. ஆனால் வீட்டிலேயே பெரிய பெட்டி அதற்கே சரியாகப் போய்விட்டது. சட்டை துணிமணிகளை இன்னொரு பெட்டியில் திணித்தோம். அண்ணன் கேட்டிருந்த கம்பளிச் சட்டைக்கு இடமில்லை. திருநெல்வேலியில் கம்பளி எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

நானும் ஜெனியும் ஊருக்கு வருகிறோம். பத்து மாதத் தாராவுக்கு இது வெளிநாடு. பிறந்தது கிளாஸ்கோ, பார்த்த வெயில் எல்லாம் ஜன்னல் வழியே பார்த்தது. ஜெனி அங்கே மருத்துவமனையில் செவிலியர், நான் அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்ப்பவன். குழந்தை விஷயத்தில் நாங்கள் அவசியத்துக்கு மேல் பயப்படுவோம் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

காலை 9.30. வெளியே இசக்கி அண்ணாச்சி வண்டியோடு நின்றார். அண்ணன் ஏற்பாடு செய்திருந்த ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலியில் அண்ணன் வீடு இருக்கும் தச்சநல்லூர் வரை நூற்று அறுபது கிலோமீட்டர், வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. பெட்டியைத் தூக்கியவர் திகைத்துப் போனார். "என்ன தம்பி, இவ்வளவு பெரிய பெட்டி, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு?" விஷயத்தைச் சொன்னேன். நாகர்கோவில் வரும் வரை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தாரா கண் விழித்து அவற்றைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வள்ளியூரில் தேநீருக்கு நிறுத்தியபோது கடைக்காரர் கேட்காமலேயே பாலைக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பச்சப்பிள்ளைக்கு ஊத்துன பாலுக்குக் கணக்கா?" என்றார். ஊர் எல்லைக்குள் வந்துவிட்டேன் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

பகல் 2.00, தச்சநல்லூர். வெளிநாட்டுப் பெட்டியைப் பிரிப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விசேஷம் மாதிரி. யாரும் அழைக்க வேண்டியதில்லை. அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், எதிர்வீட்டு அக்கா, அக்காவைப் பார்க்க வந்தவர்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. பெரிய பெட்டியைச் சுற்றி எல்லாரும் வாகாக உட்கார்ந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அண்ணன் பூட்டைத் திறந்துவிட்டான்.

உள்ளே விளிம்பு வரை டயப்பர். மதினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏன் தம்பி, தச்சநல்லூர்ல பிள்ளையே பிறக்கலன்னு நினைச்சியளா?"

கூடம் அதிர்ந்தது. மதினி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் முக்குக்கடையைக் காட்டினாள். ஷாம்பு பாக்கெட் சரங்களுக்குப் பக்கத்தில், அதேபோலச் சரமாக, டயப்பர்கள் தொங்கின. ஒன்று பன்னிரண்டு ரூபாய். ஒன்று வேண்டுமென்றால் ஒன்று கிழித்துத் தருவார்கள். நான் ஊரை விட்டுப் போனபோது அந்தக் கொக்கியில் பாக்குப் பொட்டலம் தொங்கியது. ஊர் நமக்காக அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று நினைப்பது வெளியூர்க்காரர்களுக்கே உரிய மடத்தனம். அன்று மாலை வரை தெருவில் எனக்கு அதுதான் பேர்: "பஞ்சுப் பெட்டிக்காரர்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எதற்காக நூற்றெண்பது எண்ணினாள் என்று எனக்குத் தெரியும்.

ஜெனிக்குச் சொந்த ஊர் புன்னக்காயல், ஆறு கடலில் சேருகிற மீனவ ஊர். இரண்டு வயதில் தாயை இழந்தவள். அவளுடைய அப்பா மிக்கேல் மறுமணம் செய்துகொள்ளாமல், கடலுக்கும் போய்க்கொண்டு, ஒற்றை ஆளாக அவளை வளர்த்தார். நாங்களோ சைவக் குடும்பம். நாலு வருடத்துக்கு முன் பாளையங்கோட்டையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு விமானம் ஏறினோம். கோயிலில் வைத்து நடக்காத கல்யாணம் அவர் கணக்கில் கல்யாணமே இல்லை. அவர்கள் ஊரில் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். அதன்பிறகு ஜெனி மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பாள். எடுப்பார். அவள் சொல்வதையெல்லாம் கேட்பார். "ம்" என்பார். வைத்துவிடுவார். தாரா பிறந்த நாலாம் நாள், "பெண் பிள்ளை, அப்பா," என்று சொன்னபோதும் "ம்"தான். போன மாதம், "ஊருக்கு வாறோம், வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். ரொம்ப நேரம் கழித்து, "வா," என்றார். நாலு வருடத்தில் கிடைத்த முதல் சொல் அது.

ஞாயிற்றுக்கிழமை போவதாகப் பேச்சு. அன்று குழந்தை அழக்கூடாது, நனையக்கூடாது, நாறக்கூடாது, அவர் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டுப் படக்கூடாது. "தூக்கினவுடனே கீழ விடுற மாதிரி ஆயிடக்கூடாது," என்று கிளாஸ்கோவில் டயப்பர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் எண்ணியதெல்லாம் அந்த ஒரு நாளுக்காக என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள். நாங்கள் மறந்துவிட்ட ஒரு விஷயம் வெயில். பங்குனி முடியப்போகிற நேரம். குளிர்நாட்டுக்குச் செய்த டயப்பருக்குள் தாராவின் தொடையெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. பிள்ளை துடித்துப் போனாள். ஜெனி களிம்பு போட்டாள், மூன்று மணிக்கொருமுறை மாற்றினாள், ஒன்றும் கேட்கவில்லை. மதினி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் அண்ணனுடைய பழைய வேட்டி ஒன்றை எடுத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரக் சரக்கென்று கிழித்தாள்.

"ஏட்டி, அது நான் கட்டுற வேட்டி!"

"இனிமே உங்க மவ கட்டட்டும். பிள்ளைக்குக் காத்து வேணும். பைய ஆறிரும், பாருங்க."

அன்று சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போனோம். ஆற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தாராவைத் தூக்கி இடுப்பு வரை நனைத்தேன். முதலில் மூச்சை இழுத்துப் பிடித்தவள், பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக் கூச்சல் போட்டாள். மூன்று நாளில் அன்றுதான் அழாமல் தூங்கினாள். அந்த ஆற்றுக்கும் மதினிக்கும் நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. மதினியிடம் அப்படிச் சொல்லியும் விட்டேன். "நல்ல வேட்டி ஒண்ணு வாங்கி உங்க அண்ணனுக்குக் குடுங்க," என்றாள்.

ஆறாம் நாள், ஞாயிறு, காலை 8.30. புண் ஆறிவிட்டது. ஜெனி முந்தின நாளே பத்து டயப்பர், களிம்பு, ஈரத்துணி, இரண்டு மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் எடுத்து வைத்திருந்தாள். வழியில் வெயிலடிக்கும், அதுவரை வேட்டித் துண்டு போதும், ஆத்தூர் தாண்டியதும் டயப்பர் கட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். பையை இசக்கி அண்ணாச்சியின் வண்டியில் வைப்பது என் வேலை.

திருநெல்வேலி வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் ஒரே ஜவுளிக்கடையில்தான் மூன்று தலைமுறையும் துணி எடுக்கும். எடுக்கும்போதெல்லாம் ஒரு கட்டைப்பை தருவார்கள். அந்தப் பைகளை யாரும் எறிவதில்லை. அண்ணன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரே சிவப்பு நிறத்தில், ஒரே எழுத்தோடு, ஏழெட்டு தொங்கும். அன்று காலை அதில் இரண்டு நிரம்பிக் கீழே இருந்தன. நான் ஒன்றைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

காலை 10.15, கொற்கை. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஆற்றை விட்டும் தொட்டும் வந்த சாலை. பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த ஊரில் இப்போது கடலைக் காணோம். அது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. குளக்கரையில் நிழலாக நிறுத்தச் சொன்னோம். தாரா நனைத்துவிட்டிருந்தாள். ஜெனி பையைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு கிலோ அல்வா, ஒரு தூக்குச்சட்டி முறுக்கு, கருப்பட்டி ஒரு பொட்டலம். சம்பந்தி வீட்டுக்கென்று மதினி கட்டி வைத்த சீர். அதை மதினி இன்னொரு சிவப்புப் பையில் வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். ஜெனியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"நூத்தியெண்பது கொண்டு வந்தோம்," என்றாள். "ஒண்ணுகூட இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதாள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு முழித்தேன்.

காலை 10.45, ஆத்தூர். மருந்துக்கடை பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துப் பெட்டிக்கடையில் கொக்கி காலியாக இருந்தது. "நாளைக்குத்தான் வண்டி வரும்," என்றார்கள். திரும்பித் தச்சநல்லூர் போய்வரலாம் என்றேன். "பதினோரு மணிக்குன்னு சொல்லியிருக்கேன். நாலு வருஷம் கழிச்சு நேரந்தவறிப் போகவா?" என்றாள் ஜெனி.

இசக்கி அண்ணாச்சி வண்டியின் முன்பெட்டியைத் திறந்து மடித்த துண்டு ஒன்றை எடுத்தார். பளிச்சென்ற பச்சை.

"தப்பா நினைக்காதீய தாயி. செந்தூருக்கு நடக்கதுக்கு வாங்கி வச்சது. அலசிக் காயப்போட்டு எடுத்தாச்சு, இன்னும் தோள்ல போடல. பிள்ளைக்குக் கட்டுங்க."

திருச்செந்தூர் முருகனுக்கு நடந்து போகிறவர்கள் கட்டுகிற பச்சை. கோயிலில் கல்யாணம் பண்ணவில்லை என்று நாலு வருடம் பேசாமல் இருந்த கிறிஸ்தவத் தகப்பனிடம், அவர் பேத்தியை முருகன் பச்சையில் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தப்போகிறோம். ஜெனி துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள். அழுத கண்ணோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கட்டுங்க அண்ணாச்சி. இனிமே என்ன வந்தாலும் வரட்டும்," என்றாள். அண்ணாச்சியேதான் கட்டிவிட்டார். மூன்று பிள்ளை வளர்த்த கை, முடிச்சு அழகாக விழுந்தது.

காலை 11.00, புன்னக்காயல். உப்புக்காற்று, மாதா கோயில், கரையேற்றிய படகுகள். பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. மிக்கேல் மாமா வாசலில் நின்றார். ஒல்லியான, உயர்ந்த மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டும் கஞ்சி போட்டுத் தேய்த்தவை.

"வாங்க," என்றார் என்னிடம். ஜெனியிடம் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார்.

"செந்தூர்ல இருந்து வாறியளா?"

இசக்கி அண்ணாச்சி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "இல்ல மாமா. டிரைவர் அண்ணாச்சியோட துண்டு. பையை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்," என்று உளறினேன்.

அவர் கையை நீட்டினார். அவ்வளவு பெரிய கைகளில் தாரா சின்னதாகத் தெரிந்தாள். அவர் முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். மூக்கைப் பிடித்தாள். அப்புறம், நாங்கள் ஆறு நாளாக, ஏன் பத்து மாதமாகவே, எதற்குப் பயந்தோமோ அதைச் சாவகாசமாகச் செய்தாள். பச்சைத் துண்டு கருத்தது. வெள்ளைச் சட்டையில், வேட்டியில், தரையில் என்று நீளமாக இறங்கியது.

"அப்பா!" என்று ஜெனி ஓடினாள். "குடுங்கப்பா, என்கிட்ட குடுங்க. டயப்பர் எல்லாம் வீட்டுல... நிறைய கொண்டு வந்தோம்ப்பா, மறந்துட்டோம்..."

அவர் கொடுக்கவில்லை. குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போனோம். ஒரு கையில் பிள்ளையோடு அவர் நாற்காலியில் ஏறி, அலமாரிக்கு மேலே துழாவி, செய்தித்தாளில் பொதிந்த ஒன்றை இறக்கினார். வேட்டியிலேயே தூசியைத் துடைத்து ஜெனியிடம் நீட்டினார்.

டயப்பர் பாக்கெட். பிரிக்காதது. ஜெனி அதைத் திருப்பிப் படித்தாள்.

"அப்பா, இது சேராதுப்பா. இவ ஒம்பது கிலோ. இது அப்பத்தான் பிறந்த பிள்ளைக்கு உள்ளது."

"பிறந்தப்ப வாங்குனதுதான்," என்றார். "நீ போன் பண்ணுன அன்னைக்கு தூத்துக்குடி போனேன். கடைக்காரன் எத்தன மாசம்னு கேட்டான். நாலு நாள்னேன்."

ஜெனி பாக்கெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தலைப்பிள்ளையாச்சே. அப்பன் வீட்டுக்குத் தூக்கிட்டு வருவன்னு நினைச்சேன்."

"நீங்க வான்னு சொல்லலியேப்பா."

"அப்ப நீயும் வரட்டுமான்னு கேக்கலியே, ஏட்டி."

எனக்கு அங்கே வேலையில்லை என்று புரிந்தது. வெளியே வந்து இசக்கி அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே அப்பாவும் மகளும் அழுவது கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் படகுகளைப் பார்ப்பது போல நின்றோம். அண்ணாச்சிக்கும் கண் கலங்கியிருந்தது, உப்புக்காற்று என்றார்.

மாலை 4.00. சாப்பாட்டுக்கு மீன்குழம்பும் மதினியின் அல்வாவும். அதன்பிறகு மாமா எங்களை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார். பொதிகையில் இறங்கி, எங்கள் குறுக்குத்துறையைத் தாண்டி வந்த ஆறு அங்கே அவசரமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தாரா அவர் தோளில், அவருடைய பழைய கைலியில் கிழித்த துண்டோடு இருந்தாள். அதற்குள் மூன்று தடவை அவரை நனைத்துவிட்டாள். சட்டையை மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு, "காஞ்சிரும்," என்றார். பச்சைத் துண்டை அவரே அலசி வலைக்கயிற்றில் காயப்போட்டிருந்தார். கிளம்பும்போது நான்காக மடித்து அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். "செந்தூருக்குப் போனா என் பேத்திக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிடுங்க," என்றார்.

இருபத்தொன்றாம் நாள். மீதி இரண்டு வாரத்தில் பாதியைப் புன்னக்காயலில் கழித்தோம். டயப்பர் நூற்று முப்பதுக்கு மேல் மிஞ்சியது. எதிர்வீட்டு அக்காவின் மகளுக்குப் பேறுகாலம் ஆகியிருந்தது. வழிக்குப் பத்து எடுத்து வைத்துக்கொண்டு, வளர்ந்தால் ஆகும் என்று மீதியை அங்கே கொடுத்தோம். பெரிய பெட்டி நிறைய வற்றல், வடகம், கருவாடு, கருப்பட்டி. அண்ணனுக்கு இரண்டு வேட்டி வாங்கிக் கொடுத்தேன். கிளாஸ்கோவில் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு வருவார்கள். நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். அது வசதிதான். ஆனால் கேட்டால்தான் வருவது, அழைத்தால்தான் போவது என்று நாலு வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கிடைத்த மூன்று வாரத்துக்காக நன்றியாகவும் இருந்தது.

திருவனந்தபுரத்தில் பாதுகாப்புச் சோதனை. இந்த முறை கைப்பையைத் திறக்கச் சொன்னார் ஒரு பெண் அதிகாரி. வழிக்கு வைத்த பத்து டயப்பர்களுக்கு அடியில், பழைய செய்தித்தாளில் பொதிந்த அந்தப் பாக்கெட். அவர் அதை எடுத்துப் பார்த்தார், பிறகு என் கையில் துள்ளிக்கொண்டிருந்த தாராவைப் பார்த்தார்.

"இது ரொம்பச் சின்னதாச்சே? இந்தக் குழந்தைக்குச் சேராதே."

"அவளுக்கு இல்ல," என்றாள் ஜெனி. "அது எனக்கு எங்க அப்பா வாங்கினது."